பிடியும் விடுப்பும்: செல் ஒட்டு மூலக்கூறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருப்பது ஒரு வகைப் பசைதானே?

பசை என்று நினைத்துக்கொண்டால் இந்தத் துறையில் பாதி புரியாமலே போய்விடும். பசை காய்ந்தால் காய்ந்ததுதான். உடலிலோ தோல் செல்கள் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன, வெள்ளணுக்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியேறுகின்றன, காயத்தின் விளிம்பிலுள்ள செல்கள் பிடியைத் தளர்த்தி நகர்ந்து மறுபடியும் பிடித்துக்கொள்கின்றன. பிடிக்கவும் வேண்டும், நேரம் வந்தால் விடவும் வேண்டும்.

செல் ஒட்டு மூலக்கூறுகள் செல் சவ்வை ஊடுருவி நிற்கும் புரதங்கள். வெளிப்பக்கம் நீண்டிருக்கும் பகுதி பக்கத்துச் செல்லையோ, செல்களைச் சுற்றியுள்ள நார்ப்புரத வலையையோ பற்றுகிறது. உள்பக்க வால் செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகளோடோ கெரட்டின் இழைகளோடோ இணைகிறது. இந்த இணைப்பின் வழியாகவே செல் தன் அண்டையில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்கிறது. கீழே வரும் பதில்களில் எதை எடுத்தாலும் பிடி எவ்வளவு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற மூன்றில்தான் வந்து நிற்கும்.

எத்தனை வகை உண்டு?

பாடப்புத்தகங்கள் நான்கு குடும்பங்களைச் சொல்லும். கேட்ஹெரின்கள் கால்சியம் இருந்தால்தான் வேலை செய்யும். பெரும்பாலும் தன் இனத்தைத் தானே பிடிக்கும். இன்டெக்ரின்கள் முக்கியமாகச் செல்லுக்கு வெளியே உள்ள நார்ப்புரதங்களைப் பிடிப்பவை. செலக்டின்கள் எதிர்ச் செல்லின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடிப்பவை. ரத்தத்தோடு தொடர்புள்ள செல்களிலேயே இருக்கும். நான்காவது இம்யூனோகுளோபுலின் பெருங்குடும்பம், ஆன்டிபாடியைப் போன்ற மடிப்புகள் கொண்டவை. என்-கேம், எல்1-கேம், ஐகேம்-1, விகேம்-1 எல்லாம் இதில் அடங்கும். நெக்டின்களும் இந்தக் குடும்பத்தின் கிளைதான்.

கேட்ஹெரினுக்குக் கால்சியம் எதற்கு?

விறைப்புக்கு. தோல் போன்ற படலத் திசுக்களின் கேட்ஹெரினான ஈ-கேட்ஹெரினின் வெளிப்பகுதியில் ஐந்து கணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒவ்வொரு கணு இடுக்கிலும் 3 கால்சியம் அயனிகள் உட்கார்கின்றன. நான்கு இடுக்குகள், மொத்தம் 12 அயனிகள். இவை இருந்தால் மூலக்கூறு சற்றே வளைந்த விறைப்பான கோலாக நிற்கும். எடுத்துவிட்டால் துவண்டுபோகும், அதோடு புரதம் வெட்டும் நொதிகளுக்கும் எளிதில் இரையாகும்.

கோலின் நுனியில்தான் பிடி இருக்கிறது. முதல் கணுவின் தொடக்கத்திலுள்ள இரண்டாவது அமினோ அமிலம் டிரிப்டோபான். ஒரு செல்லின் கேட்ஹெரின் தன் டிரிப்டோபானை எதிர்ச் செல்லின் கேட்ஹெரினில் உள்ள குழிக்குள் நுழைக்கிறது. எதிரிலிருப்பதும் அதையே இங்கே செய்கிறது. தனி ஜோடியாகப் பார்த்தால் இது வலுவற்ற பிணைப்பு. ஈ-கேட்ஹெரினுக்கு அதன் பிரிகை மாறிலி (இந்த எண் கூடினால் பிடி தளர்வு) ஏறத்தாழ 100 மைக்ரோமோலார். ஆன்டிபாடிகள் பல தம் இலக்கை நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் பற்றுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு தளர்ந்த பிடி என்பது தெரியும். தளர்வாக இருப்பதால்தான் ஜோடிகள் பிரிந்து பிரிந்து சேர முடிகிறது. நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் திரண்டு, உள்ளே ஆக்டினோடு கட்டுண்ட பிறகே திசு கிழியாமல் நிற்கிறது.

உள்கட்டு இப்படி: கேட்ஹெரினின் வாலில் பீட்டா-கேட்டனின், அதன்மேல் ஆல்ஃபா-கேட்டனின், பிறகு ஆக்டின். ஆல்ஃபா-கேட்டனின் மடிந்த நிலையில் இருக்கும். அதைச் சுமார் 5 பிகோநியூட்டன் விசையில் இழுத்தால் மடிப்பு விரிந்து, வின்குலின் என்ற புரதம் ஒட்டுவதற்கான இடம் வெளிப்படும். வின்குலின் கூடுதல் ஆக்டினைக் கொண்டுவரும். இழுக்க இழுக்கச் சந்தி பலப்படுவது இதனால்தான்.

பீட்டா-கேட்டனின், செல்களின் வளர்ச்சியை வழிநடத்தும் ‘விண்ட்’ சமிக்ஞை வழியின் புரதம் இல்லையா? இங்கே எப்படி வந்தது?

இரண்டும் அதேதான். கேட்ஹெரினோடு சேர்ந்திருப்பது கட்டமைப்பு வேலை பார்க்கிறது. சேராமல் மிதப்பது உடனுக்குடன் சிதைக்கப்படும். விண்ட் சமிக்ஞை வந்தால் சிதைவு நின்று, அது உட்கருவுக்குப் போய் மரபணுக்களை இயக்கும். ஆனால் ஈ-கேட்ஹெரின் போனாலே விண்ட் வழி தூண்டப்பட்டுவிடும் என்று எழுதுவது சரியல்ல. விடுபட்ட பீட்டா-கேட்டனினைச் சிதைக்கும் அமைப்பு நன்றாக இருந்தால் அது அழிக்கப்பட்டுவிடும். ஈ-கேட்ஹெரினை இழக்கும் லோபுலர் (பால் சுரக்கும் நுண்மடல் வகை) மார்பகப் புற்றில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

பிரித்துப் போட்ட செல்கள் தாமாக இனம் சேரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஹெச். வி. வில்சன் 1907இல் கடற்பஞ்சை மெல்லிய துணி வழியாகப் பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அவை மீண்டும் கூடி உயிருள்ள பஞ்சாயின. 1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் இருவரும் நீர்நில வாழ்வியின் கருச்செல்களைப் பிரித்துக் கலந்தார்கள். மேல்தோலாக வேண்டியவை வெளியே போயின, நரம்பாக வேண்டியவை உள்ளே திரண்டன. கருவில் எந்த அடுக்கில் இருக்க வேண்டுமோ அதே அடுக்கு.

இதற்கு மால்கம் ஸ்டைன்பெர்க் 1960களில் எளிய விளக்கம் தந்தார். கலக்காத இரண்டு திரவங்களைப் போல, தமக்குள் பலமாக ஒட்டும் செல்கள் நடுவிலும் பலம் குறைந்தவை வெளியிலும் போகும். மசாடோஷி டகேய்ச்சி கேட்ஹெரின்களைக் கண்டறிந்து 1984இல் பெயரிட்ட பின் இதை நேரடியாகச் சோதிக்க முடிந்தது. 1994இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஒரே கேட்ஹெரினை வெவ்வேறு அளவில் வைத்திருக்கும் இரு வகைச் செல்கள் கலக்கப்பட்டன. அதிகம் வைத்திருந்தவை நடுவுக்குப் போயின. வகை மாறவே தேவையில்லை, அளவு மாறினால் போதும்.

ஒட்டு வலிமை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல்லின் புறணியில், அதாவது சவ்வுக்கு அடியிலுள்ள படலத்தில், ஆக்டினும் மயோசினும் உண்டாக்கும் இழுவிசைக்கும் பெரும் பங்கு உண்டு. கேட்ஹெரின் இரண்டு செல்களைச் சேர்ப்பதோடு, அவை தொடும் இடத்தில் அந்த இழுவிசையைக் குறைக்கவும் செய்கிறது. தொடுபரப்பு விரிவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

கருவில் இதன் வேலை முதலில் எப்போது தெரிகிறது?

எலிக் கருவில் 8 செல் நிலையில். அதுவரை செல்கள் தனித்தனி உருண்டைகள். நுண்ணோக்கியில் ஒவ்வொன்றின் விளிம்பும் தெளிவாகத் தெரியும். சில மணி நேரத்தில் அவை ஒன்றோடொன்று தட்டையாக அழுந்தி, எல்லைக்கோடு மங்கி, ஒரே வழுவழுப்பான பந்தாகின்றன. வளர்ப்பு ஊடகத்தில் கால்சியத்தைக் குறைத்தாலோ ஈ-கேட்ஹெரினைத் தடுக்கும் ஆன்டிபாடியைச் சேர்த்தாலோ பந்து மறுபடி உருண்டைகளாகப் பிரிந்துவிடும். மனிதக் கருவில் இந்த இறுக்கம் ஏறத்தாழ 4ஆம் நாளில் நடக்கிறது.

வெளியே இருப்பவை, உள்ளே மாட்டிக்கொண்டவை என்ற பிரிவு இங்கேதான் தொடங்குகிறது. வெளிச்செல்கள் நஞ்சுக்கொடிப் பக்கம் போகும், உட்செல்களிலிருந்து கருவின் உடல் வரும். ஈ-கேட்ஹெரின் மரபணு இரண்டு பிரதியும் இல்லாத எலிக் கரு முதலில் இறுகத்தான் செய்கிறது. தாயின் முட்டையிலிருந்து வந்த புரதம் கைவசம் இருப்பதே காரணம். அது தீர்ந்ததும் வெளியடுக்கு உருவாகாமல், கருப்பையில் பதிய முடியாமல் அழிகிறது. முதலில் இறுகியதை மட்டும் பார்ப்பவர்கள் தாய்வழிப் புரதத்தை மறந்து, இறுக்கத்துக்கு ஈ-கேட்ஹெரின் தேவையில்லை என்று தவறாகப் படிப்பதுண்டு.

நரம்புக்குழாய் உருவாகும்போது என்ன நடக்கிறது?

வெளிப்படலம் முழுக்க முதலில் ஈ-கேட்ஹெரின் இருக்கும். நடுவில் நரம்பாகப்போகும் பட்டை அதை விட்டு என்-கேட்ஹெரினுக்கு மாறுகிறது. பட்டை மடிந்து குழாயாகி மூடும்போது, இரண்டு பக்கமும் வேறு வேறு கேட்ஹெரின் வைத்திருப்பதால் குழாய் மேல்தோலிலிருந்து சுத்தமாகக் கழன்றுகொள்கிறது. தவளைக் கருவின் மேல்தோலிலும் என்-கேட்ஹெரினைச் செயற்கையாக உருவாக்கினால் இந்தப் பிரிவு குலைகிறது.

குழாயின் முகட்டில் இருக்கும் நரம்பு முகட்டுச் செல்கள் இன்னும் ஒரு படி போய், பிடியைப் பெருமளவு தளர்த்திவிட்டு உடலெங்கும் அலைகின்றன. முகத்தின் எலும்பு, தோலின் நிறமிச் செல்கள், குடலின் நரம்புகள் இவற்றிலிருந்து வருகின்றன. சிறுநீரகத்தில் நடப்பது எதிர்த்திசை: தளர்ந்து கிடந்த செல்கள் கூடி, ஈ-கேட்ஹெரின் பெற்று, குழாய்களாகின்றன.

ஒட்டு மூலக்கூறு எப்போதுமே ஒட்டத்தான் செய்யுமா?

இல்லை. நரம்பு மண்டலத்தில் சில மூலக்கூறுகள் அடையாள அட்டைபோல வேலை செய்து, தன்னைத் தானே கண்டால் விலகச் சொல்கின்றன. பழ ஈயின் டிஸ்கேம்1 மரபணுவில் மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய துண்டுகள் நான்கு இடங்களில் உண்டு: 12, 48, 33, 2. பெருக்கினால் 38,016 வடிவங்கள். ஒவ்வொரு நரம்பணுவும் இவற்றில் சிலவற்றை மட்டும் அணிகிறது. ஒரே நரம்பணுவின் இரண்டு கிளைகள் உரசினால் வடிவங்கள் முற்றிலும் பொருந்தும், கிளைகள் விலகும். முதுகெலும்புள்ள விலங்குகளில் இதே பணியைப் பெரும்பாலும் தொகுப்பு புரோட்டோகேட்ஹெரின்கள் (மரபணுக்கள் கொத்தாக அமைந்த ஒரு கேட்ஹெரின் கிளை) செய்கின்றன. மனிதரில் அத்தகைய மரபணுக்கள் 50க்கு மேல்.

இங்கே புரோட்டோகேட்ஹெரின் ஒன்றை உருவாக்கும் பிசிடிஹெச்19 மரபணுவைச் சொல்லாமல் போக முடியாது. இது எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. எக்ஸ் சார்ந்த நோய் என்றால் ஆண்கள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்பது வழக்கமான கணக்கு. இங்கே தலைகீழ்: ஒரு பிரதி பழுதான பெண்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு, கொத்துக் கொத்தாக வலிப்பு வருகிறது. ஒரே எக்ஸும் பழுதான ஆண்களுக்கு வலிப்பு பொதுவாக வருவதில்லை. பெண்களின் மூளையில் சில செல்களில் நல்ல பிரதியும் சிலவற்றில் பழுதான பிரதியும் இயங்குவதால் இரண்டு வகைச் செல்கள் கலந்திருக்கின்றன. அவை ஸ்டைன்பெர்க் சொன்னதுபோலவே தனித்தனியாகப் பிரிந்து, மூளைப் புறணியின் அமைப்பைக் குலைக்கின்றன என்பதே ஏற்கப்பட்டுவரும் விளக்கம். எல்லாச் செல்லும் ஒரே மாதிரி பழுதானால் பிரிவதற்குக் காரணம் இல்லை. உடலில் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் பழுது கொண்ட மொசைக் ஆண்களுக்கு வலிப்பு வருவதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது.

எல்1-கேம் பழுது வேறு வகை. ஆண் குழந்தைகளுக்கு மூளையில் நீர் கோத்தலும் உள்ளங்கைக்குள் மடங்கிய கட்டைவிரலும் சேர்ந்து காணப்பட்டால் இந்த மரபணுவைப் பார்க்க வேண்டும்.

இன்டெக்ரின் எப்படி வேறுபடுகிறது?

இன்டெக்ரின் ஒரு ஆல்ஃபாவும் ஒரு பீட்டாவும் சேர்ந்த ஜோடி. மனிதரில் 18 ஆல்ஃபா, 8 பீட்டா; உண்மையில் உருவாகும் ஜோடிகள் 24. முக்கியமான குணம், சுவிட்ச் உள்ளே இருப்பது. ஓய்வில் மூலக்கூறு இடுப்பு மடங்கிக் குனிந்து நிற்கும். செல்லுக்குள்ளிருந்து டாலின், கிண்ட்லின் என்ற புரதங்கள் வாலைப் பிடித்ததும் நிமிர்ந்து பிடிக்கத் தயாராகும். பிடித்த பிறகு வெளியிலிருந்து உள்ளே செய்தி போகும்.

ரத்தக்கசிவை அடைக்கும் தட்டணுவைப் பாருங்கள். ஓய்விலுள்ள ஒவ்வொன்றின் மேலும் ஆல்ஃபா-2பி பீட்டா-3 இன்டெக்ரின் ஏறத்தாழ 80,000 இருக்கிறது. ரத்தத்தில் அவை பிடிக்கும் ஃபைப்ரினோஜன் புரதம் நிறைந்திருந்தும் அவை ஒட்டுவதில்லை. குழாய் வெட்டுப்பட்டதும் நொடிகளில் நிமிர்ந்து ஃபைப்ரினோஜனைப் பாலமாக்கிக் கட்டியாகின்றன. இந்த இன்டெக்ரின் பிறவியிலேயே பழுதானால் அது கிளான்ஸ்மேன் நோய், 1918இல் விவரிக்கப்பட்டது. எண்ணிக்கையும் உருவமும் சரியாக இருப்பதால் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றும் காட்டாது. திரட்டல் சோதனையில் ஏடிபி, கொலாஜன், அட்ரினலின் எதற்கும் திரளாது, இந்த இன்டெக்ரின் இல்லாமலே தட்டணுக்களைச் சேர்க்கும் ரிஸ்டோசெடினுக்கு மட்டும் சேரும். பெர்னார்ட்-சூலியர் நோயில் எதிர்மாறு: தட்டணுக்கள் பெருத்து, எண்ணிக்கை குறைந்து, ரிஸ்டோசெடினுக்கு மட்டும் சேராது.

கிளான்ஸ்மேன் நோயாளிக்குத் தட்டணுக்களைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் உடல் அந்த இன்டெக்ரினை அந்நியமாகக் கண்டு ஆன்டிபாடி உண்டாக்கிவிடக்கூடும். பிறகு உயிர் காக்க வேண்டிய நேரத்தில் ஏற்றினாலும் பலிக்காமல் போகலாம். அதனால்தான் சிறு கசிவுகளுக்கு அழுத்தக் கட்டு, டிரானெக்ஸாமிக் அமிலம் ஆகியவற்றை முதலில் பயன்படுத்துகிறார்கள்.

குழந்தையின் தொப்புள்கொடி தாமதமாக விழுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளணு ஓடும் ரத்தத்திலிருந்து திசுவுக்குள் வரச் சில படிகள் உண்டு. செலக்டின்கள் அதைச் சற்றே பிடித்துப் பிடித்து விடுவதால் அது குழாய்ச் சுவரில் உருளும். சுவரிலுள்ள வேதிச் செய்திகள் அதன் இன்டெக்ரினை நிமிர்த்தும். பீட்டா-2 இன்டெக்ரின் ஐகேம்-1ஐப் பிடித்ததும் வெள்ளணு நிற்கும், பிறகு செல்களின் இடுக்கில் நுழைந்து வெளியேறும்.

பீட்டா-2 பழுதானால் வெள்ளணு உருளும், நிற்காது. இது வெள்ளணு ஒட்டுக்குறைபாட்டின் முதல் வகை. ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை எக்கச்சக்கமாக இருக்கும், புண்ணில் சீழ் இருக்காது, கொடி 3 வாரம் கடந்தும் விழாது. கொடி தாமதம் ஒன்றை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். நல்ல குழந்தைகளுக்கும் அது சகஜம். கொடியடியில் தொற்றும், மிக உயர்ந்த வெள்ளணு எண்ணிக்கையும் சேர்ந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்லின் மேலுள்ள புரதத்தை ஒளியால் அளக்கும் முறை) பீட்டா-2இன் மறுபெயரான சிடி18ஐ அளக்க வேண்டும். இயல்பின் 2 சதவீதத்துக்கும் குறைவு என்றால் கடுமையான வகை. நிலையான தீர்வாக வழக்கமாகச் செய்வது ரத்தக் குருத்தணு மாற்று.

இரண்டாம் வகையில் ஃப்யூகோஸ் சர்க்கரையைச் சேர்க்க முடியாததால் செலக்டின் பிடிக்க வேண்டிய சங்கிலியே உருவாகாது. அதே காரணத்தால் அவர்களின் ரத்தம் பாம்பே வகையாக (ஏ, பி, ஓ வகைகளுக்கு அடிப்படையான எச் சர்க்கரை இல்லாத அரிய வகை) இருக்கும். மூன்றாம் வகை கிண்ட்லின்-3 பழுது. தட்டணு இன்டெக்ரினும் நிமிராததால் தொற்றோடு ரத்தக்கசிவும் வரும்.

தோலில் கொப்புளம் வரும் நோய்களில் எந்தப் பிடி விடுகிறது?

எந்த அடுக்கில் விடுகிறது என்பதே நோயின் பெயரைத் தீர்மானிக்கிறது. மேல்தோல் செல்களைத் தைத்து வைப்பவை டெஸ்மோசோம்கள். அவற்றின் கேட்ஹெரின்களில் டெஸ்மோகிளீன்-1 மேலடுக்குகளில் அதிகம், டெஸ்மோகிளீன்-3 கீழடுக்குகளில் அதிகம். வாயின் உட்தோலில் மட்டும் எல்லா அடுக்கிலும் 3தான் மிகுதி, 1 மிகக் குறைவு. ஒன்று செயலிழந்தால் மற்றது இருக்கும் இடத்தில் ஈடுகட்டிவிடும்.

இந்தப் பரவலை மனதில் வைத்துக்கொண்டால் உடலின் ஆன்டிபாடியே டெஸ்மோகிளீனைத் தாக்கும் பெம்ஃபிகஸ் நோயின் போக்கு தானாக விளங்கும். 3க்கு எதிராக மட்டும் ஆன்டிபாடி இருந்தால் தோலில் 1 ஈடுகட்டும், வாயில் ஈடுகட்ட ஆளில்லை. ஆகவே வாய்ப்புண் மட்டும். 1க்கு எதிராக மட்டும் இருந்தால் வாய் தப்பும், தோலின் மேலடுக்கு செதில் செதிலாக உரியும்; இது பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ். இரண்டுக்கும் எதிராக இருந்தால் வாயும் தோலும் பாதிக்கப்படும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் உரிப்பு நச்சு டெஸ்மோகிளீன்-1ஐ மட்டும் வெட்டுகிறது. குழந்தைகளின் வெந்துபோனது போன்ற தோலில் வாய் ஏன் தப்புகிறது என்பதற்கும் இதே விடை.

புல்லஸ் பெம்ஃபிகாய்டு பெயரில் மட்டுமே நெருங்கியது. அங்கே ஆன்டிபாடி தாக்குவது மேல்தோலை அடிப்படலத்தோடு பிணைக்கும் ஹெமிடெஸ்மோசோமை. மேல்தோல் முழுத் தடிமனாகத் தூக்கப்படுவதால் கொப்புளம் இறுக்கமாக இருக்கும், எளிதில் உடையாது. பெம்ஃபிகஸ் கொப்புளம் தளதளவென்று சீக்கிரம் உடையும்.

இந்தக் கொப்புள நோய்களுக்கான பயாப்ஸியில் எங்கே தவறு நடக்கிறது?

இரண்டு துண்டுகள் வேண்டும். ஒன்று, புதிய கொப்புளத்தின் விளிம்பிலிருந்து. இதை ஃபார்மலினில் போட வேண்டும். மற்றொன்று, கொப்புளத்திலிருந்து 1 செ.மீ. தூரத்துக்குள் உள்ள, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலிருந்து. இது நேரடி இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு, அதாவது திசுவில் படிந்த ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்க்க. இந்த இரண்டாவது துண்டை ஃபார்மலினில் போட்டுவிட்டால் வழக்கமான உறைவெட்டு முறை பயன்படாது, மறுபடி வெட்ட வேண்டியதுதான். ஆன்டிபாடியைக் கெடாமல் காக்கும் மைக்கேல் ஊடகத்தில் அனுப்ப வேண்டும். ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேரும் என்றால் சாதாரண உப்புநீரும் போதும். கொப்புளத்தின் நடுவிலிருந்தே எடுப்பது இன்னொரு தவறு. அங்கே மேல்தோல் சிதைந்து, படிந்த ஆன்டிபாடியும் போயிருக்கும். சரியாக எடுத்தால் பெம்ஃபிகஸில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மீன்வலை போலப் பச்சை ஒளி தெரியும். பெம்ஃபிகாய்டில் அடிப்படலம் நெடுக ஒரே கோடு.

டெஸ்மோசோம் பழுதால் இதயம் ஏன் பாதிக்கப்படுகிறது?

ஓயாமல் இழுபடும் திசு அது. பிளாகோஃபிலின்-2, டெஸ்மோபிளாகின் போன்றவை பழுதானால் இதயத் தசைச் செல்கள் மெல்ல அறுந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்பி, ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும். கிரீஸின் நாக்சோஸ் தீவின் பெயர் பெற்ற வகையில் பிளாகோகுளோபின் பழுது; கம்பளி போன்ற தலைமுடியும் தடித்த உள்ளங்கையும் முன்பே அடையாளம் காட்டிவிடும். இம்மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களைக் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்கச் சொல்வது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல. இழுவிசை நோயை உண்மையிலேயே விரைவுபடுத்துகிறது.

ஈ-கேட்ஹெரின் குறைந்தால் புற்றுநோய் பரவும் என்று சொல்லலாமா?

பாதி உண்மை. முழு உண்மைபோல அதைச் சொல்லிப் பழகியதால் நிறைய குழப்பம். ஸ்னெயில், செப், ட்விஸ்ட் போன்ற புரதங்கள் ஈ-கேட்ஹெரினை அடக்கி, செல்லைத் தளர்வான, நகரும் நிலைக்கு மாற்றுகின்றன. கருவளர்ச்சியில் செய்யும் அதே வேலை. ஆனால் பால்சுரப்பி நாளத்தில் தோன்றும் மார்பகப் புற்று பரவிய இடங்களில் ஈ-கேட்ஹெரின் பெரும்பாலும் இருக்கத்தான் செய்கிறது. 2019இல் வெளிவந்த எலி ஆய்வில் அதை நீக்கியபோது செல்கள் அதிகம் ஊடுருவின, ஆனால் வழியில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் (வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் தாக்கம்) செத்து, பரவல் குறைந்தது. பிடியை விட்டுவிடத் தெரிந்த செல்லுக்கு, போன இடத்தில் பிழைக்கவும் பிடி வேண்டியிருக்கிறது.

உறுதியான தொடர்பு பரம்பரை இரைப்பைப் புற்றில். 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் ஈ-கேட்ஹெரினை உருவாக்கும் சிடிஹெச்1 மரபணுவின் பழுது கண்டறியப்பட்டது. இந்தப் புற்று கட்டியாக எழும்பாது. முத்திரை மோதிரம் போன்ற செல்கள், பார்வைக்கு நல்லதாக இருக்கும் உட்சவ்வின் அடியில் தனித்தனியாகப் பரவும். எண்டோஸ்கோப்பி கண்ணில் படாமல் போவது அதனால்தான். 28 முதல் 30 இடங்களில் எடுத்துப் பார்த்தாலும் தவறலாம். எனவே நோயின் வரலாறு உள்ள குடும்பங்களில் பழுதைச் சுமப்பவர்களுக்கு, வழக்கமாக 20 முதல் 30 வயதுக்குள், முழு இரைப்பை நீக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. பெண்களுக்கு லோபுலர் மார்பகப் புற்று ஆபத்தும் உண்டு. அங்கே செல்கள் ஒற்றை வரிசையாக நடந்துபோவது போலத் தெரியும்.

நோய்க்கூறியலில் ஒரு எச்சரிக்கை: லோபுலர் புற்றில் சில சமயம் செயலற்ற ஈ-கேட்ஹெரின் சாயம் ஏறிக் காட்டும். கேட்ஹெரினின் வாலில் ஒட்டும் பி120-கேட்டனினையும் சேர்த்துப் பாருங்கள். அது சவ்வில் இல்லாமல் செல்லுக்குள் பரவியிருந்தால் பிடி போய்விட்டது என்று பொருள்.

கிருமிகள் இவற்றைப் பயன்படுத்துகின்றனவா?

ஏராளமாக. சளிக்காய்ச்சல் தரும் ரைனோவைரஸ் வகைகளில் பெரும்பாலானவை ஐகேம்-1 வழியாக நுழைகின்றன. தட்டம்மை வைரஸ் சுவாசக்குழாய் வழியாக வெளியேற நெக்டின்-4ஐப் பிடிக்கிறது. ஃபால்சிபாரம் மலேரியா தொற்றிய சிவப்பணு, மூளையின் நுண்குழாய்ச் சுவரில் ஐகேம்-1 போன்றவற்றைப் பற்றித் தேங்கும். உணவுவழி வரும் லிஸ்டீரியா பாக்டீரியாவின் கதை ஆய்வாளர்களுக்கு முக்கியம்: அதன் இன்டர்னலின்-ஏ புரதம், மனித ஈ-கேட்ஹெரினின் 16ஆம் இடத்திலுள்ள புரோலினைச் சார்ந்தே பிடிக்கிறது. எலியில் அங்கே குளுட்டாமிக் அமிலம். அதனால் சாதாரண எலிக்கு வாய்வழி லிஸ்டீரியா கொடுத்துப் பார்த்தால் மனிதக் குடலில் நடப்பது தெரியாது.

ஒட்டு மூலக்கூறைத் தடுக்கும் மருந்துகள் உண்டா?

உண்டு; ஒவ்வொன்றும் எந்தச் செல் எங்கே போவதைத் தடுக்கிறது என்று கேட்டால் பக்கவிளைவும் புரியும். நாட்டலிசுமாப் ஆல்ஃபா-4 இன்டெக்ரினைத் தடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் வெள்ளணுக்கள் மூளைக்குள் போகாமல் செய்கிறது. 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, ஜேசி வைரஸால் வரும் மூளை நோய் காரணமாக 2005இல் நிறுத்தப்பட்டு, கட்டுப்பாடுகளோடு 2006இல் திரும்பியது. காவலுக்குப் போகும் செல்களும் தடுக்கப்படுவதே சிக்கல். ஜேசி ஆன்டிபாடி இருப்பது, 2 ஆண்டுக்கு மேல் மருந்து, முன்பு எதிர்ப்பு ஆற்றலை ஒடுக்கும் மருந்து எடுத்தது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆபத்து மிக அதிகம். 2014இல் வந்த வெடோலிசுமாப் ஆல்ஃபா-4 பீட்டா-7ஐ மட்டும் தடுப்பதால் விளைவு பெரும்பாலும் குடலோடு நிற்கிறது.

தட்டணு இன்டெக்ரினைத் தடுக்கும் எப்டிஃபிபடைட், டைரோஃபிபான் ஊசிகள் பயன்பாட்டில் உள்ளன. அதே இலக்குக்கான மாத்திரைகள் சோதனைகளில் இறப்பைக் கூட்டின. காரணமாகச் சொல்லப்படுவது: இயற்கைப் பிடிபொருளைப் போன்ற மருந்து, உட்காரும்போது இன்டெக்ரினை நிமிர்த்தியும் விடுகிறது. மருந்தின் அளவு குறைந்து அது கழன்றதும் இன்டெக்ரின் பிடிக்கத் தயாராக நிற்கிறது.

ஆய்வகத்தில்: ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஈ-கேட்ஹெரின் தெரியவில்லை, ஆனால் வெஸ்டர்னில் (செல்லை உடைத்து மொத்தப் புரதத்தையும் பார்க்கும் சோதனை) தெரிகிறது. ஏன்?

பெரும்பாலும் தட்டிலிருந்து கழற்றும்போதே வெட்டிவிட்டீர்கள். புரதம் வெட்டும் ட்ரிப்சினும் இடிடிஏயும் சேர்ந்த கரைசலில் இடிடிஏ கால்சியத்தைப் பிடுங்கும், துவண்ட கேட்ஹெரினை ட்ரிப்சின் அறுக்கும். ட்ரிப்சின் இல்லாமல் இடிடிஏ மட்டும், 2 முதல் 5 மில்லிமோலார், பயன்படுத்திப் பாருங்கள். அல்லது டகேய்ச்சியின் பழைய முறை: 0.01 சதவீத ட்ரிப்சினோடு 1 முதல் 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. இதில் செல்கள் கொத்தாகவே கழன்று வரும். ட்ரிப்சினை நிறுத்திக் கழுவிய பின் கால்சியமில்லாத கரைசலில் பிப்பெட்டால் மெல்லப் பிரிக்க வேண்டும். சில ஆன்டிபாடிகள் கால்சியம் பூட்டிய வடிவத்தை மட்டுமே அறியும் என்பதால் சாயமேற்றும் கரைசலில் 1 மில்லிமோலார் கால்சியம் வையுங்கள். பாஸ்பேட் கரைசலில் கால்சியம் படிந்துவிடக்கூடும். ஹெப்பஸ் அல்லது டிரிஸ் கரைசல் பாதுகாப்பானது.

வெஸ்டர்னில் 120 கிலோடால்டன் முதிர்ந்த ஈ-கேட்ஹெரின், 135இல் தெரிவது வெட்டப்படாத முன்வடிவம், ஊடகத்தில் 80இல் தெரிவது அறுந்து விழுந்த வெளிப்பகுதி. மொத்த அளவு குறையாமலே செல்லின் மேற்பரப்பில் மட்டும் குறைவது சகஜம். வெஸ்டர்னை மட்டும் நம்பி முடிவெழுதாதீர்கள்.

கால்சியத்தை எடுத்து, பிறகு திருப்பிக் கொடுக்கும் கால்சியம் மாற்றுச் சோதனையில் செல்கள் பிரியவே இல்லை. என்ன தவறு?

முதலில் சீரத்தைச் சந்தேகியுங்கள். 10 சதவீதக் கன்றுச் சீரமே ஊடகத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிமோலார் கால்சியம் கொண்டுவரும். கால்சியம் நீக்கிய ஊடகம் வாங்கி அதில் சாதாரணச் சீரத்தைச் சேர்த்தால் சோதனை அங்கேயே போயிற்று. டயாலிசிஸ் செய்த அல்லது செலெக்ஸ் பிசினில் கால்சியம் நீக்கிய சீரம் வேண்டும். செலெக்ஸ் மெக்னீசியத்தையும் எடுத்துவிடும். அதைத் திரும்பச் சேர்க்க மறக்க வேண்டாம்.

இரண்டாவது, கணக்கு. 1.8 மில்லிமோலார் கால்சியம் உள்ள ஊடகத்தில் 1 மில்லிமோலார் இஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருள்) போட்டால் பாதிதான் பிடிபடும். 2க்கு மேல், பொதுவாக 4 வரை போட்டு, 30 நிமிடம் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். செல்களின் எல்லைகள் உருண்டு, நடுவே இடைவெளி தெரிய வேண்டும்.

மூன்றாவது, இடிடிஏயா இஜிடிஏயா என்பது. இடிடிஏ மெக்னீசியத்தையும் பிடிப்பதால் இன்டெக்ரினும் விட்டு, செல்கள் தட்டிலிருந்தே மிதந்துவிடும். இஜிடிஏ கால்சியத்தை மட்டும் இறுகப் பிடிக்கும். செல்கள் ஒன்றையொன்று விடும், தட்டை விடாது. பிறகு 1.8 மில்லிமோலார் கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஈ-கேட்ஹெரின் சந்திகளுக்குத் திரும்பும். சந்திகள் எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் அடுக்கின் மின்தடை மீளப் பல மணி நேரம் ஆகும். ஆகவே ஒரு மணி நேரத்தில் மின்தடையை அளந்துவிட்டு, மாற்றிய மரபணுவால்தான் சந்தி மீளவில்லை என்று எழுத வேண்டாம். கட்டுப்பாட்டுச் செல்களின் மின்தடையும் அந்நேரத்தில் மீண்டிருக்காது.